அடிபட்ட எலிகளின் அறை

சோங்சிங் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ரான் சூச்சின் பதினோரு வருஷமாக எலிகளைப் பராமரித்துவந்தாள். கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றுவாள், தண்ணீர் வைப்பாள், காலையில் ஒவ்வொன்றாக எடை போடுவாள். கணவன் தேஷுன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவன். அவள் வீடு திரும்பியதும், "எலி ஆஸ்பத்திரி நர்சம்மா வந்தாச்சு" என்பான்.

"உன்னைவிட அதுங்க சொன்ன பேச்சு கேக்கும், போ."

டாக்டர் கெங்கின் ஆராய்ச்சி அது. எலிக்கு மயக்கம் கொடுத்துத் தலையில் அளவாக ஓர் அடி. சில நாள் கழித்து மூக்கில் நிமோனியாக் கிருமி ஒரு சொட்டு. அடிபடாதவை பெரும்பாலும் தேறிவிடும். அடிபட்டவையோ மண்டைக் காயம் ஆறிவரும்போதே மூச்சு முட்டிச் செத்துப்போகும். எது பிழைக்காது என்பது எடை குறையுமுன்பே சூச்சினுக்குத் தெரிந்துவிடும். முதுகு கூனும், மயிர் சிலிர்த்து நிற்கும், விலா படபடவென்று ஏறி இறங்கும்.

மார்ச் மாத மழையில் தேஷுன் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்தான். மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தவன், "தலைல அடிபட்டவனை எல்லாம் நீதான பாத்துக்குவ?" என்று குழறினான்.

"வாய மூடிக்கிட்டுத் தூங்கு" என்று அதட்டிவிட்டு, வெளியே வந்து அழுதாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போர்வையை விலக்கி அவன் விலாவைப் பார்த்தாள். அது படபடவென்று ஏறி இறங்கியது. வார்டு டாக்டரிடம் ஓடினாள்.

"டாக்டர், இவருக்கு நெஞ்சுல கிருமி ஏறிடுச்சு. பாருங்க!"

"ஜுரம் லேசாத்தாம்மா இருக்கு. எதுக்கும் படம் எடுத்துப் பாத்துடலாம்."

அன்றே எடுத்தார்கள். நிமோனியாதான். உடனே மருந்தும் ஏற்றினார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சூச்சின் நேராகக் கெங்கிடம் போனாள். "ஆறு வருஷமா பண்றீங்களே டாக்டர், என்ன குடுத்தா அதுங்க பொழைக்குது?"

கெங் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒரு மருந்துல பாதி பொழைச்சுது அக்கா. அதுவும் அடிபட்ட அரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான். மனுஷங்களுக்கு இன்னும் அந்த மருந்து வரல."

"பாதி எப்படிப் பொழைச்சுது? மீதி ஏன் பொழைக்கல?"

"தெரியல அக்கா."

அவள் உட்காரவேயில்லை.

மருத்துவமனையில் மருந்தை இரண்டு முறை மாற்றினார்கள். தினமும் கிடைத்த அரை மணி நேரத்தில் அவன் பாதங்களைத் துடைத்துவிட்டாள்; செய்வதற்கு வேறொன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் தேஷுன் இறந்துபோனான். தலையில் போட்ட தையல் நன்றாகக் கூடியிருந்தது.

காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்தபோது, "முயல் அறைக்கு மாத்தி விடட்டுமா அக்கா?" என்று கெங் கேட்டார்.

"எங்க இருந்தா என்ன டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் கையுறையை மாட்டினாள்.

இன்னும் நாலு வருஷம் அங்கேயே இருந்தாள். பிறகு ஓய்வு பெற்று, மகளோடு இருக்க செங்டு நகரத்துக்குப் போய்விட்டாள். கிளம்பும் அன்று விடைபெற வந்த கெங்கிடம், மீதி எலிகள் ஏன் பிழைக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்களா எனக் கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.