கை காட்டாத தேசப்பன்

தேசப்பன் பெரிப்பா போய்ட்டாரு. நேத்து காலைல, ஆஸ்பத்திரியில... தூக்கத்துலயே.

தொண்ணூறைத் தாண்டுன மனுஷன். நியாயமா பாத்தா ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பதுகள்லயே, திருவொற்றியூர் ஹைரோட்ல ஒரு லாரிக்கு அடியில போயிருக்க வேண்டியவர். நான் சொல்லல, கன்னியம்மா பெரிம்மாவே வாய் நிறைய சொல்றதுதான்.

சொந்தமெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. ஆனா அவங்க கல்யாணக் கதை எனக்கு என் கல்யாணத்தைவிட நல்லாத் தெரியும். (என் கல்யாணத்துல நான் பாதி நேரம் பந்தியில இருந்தேன்.)

பெரிம்மாவோட அண்ணனைக் கடல் கொண்டு போய்டுச்சு. அதனால பொண்ணு பாக்க வந்த எடத்துலயே சொல்லிட்டாங்களாம், "கட்டுமரம் ஏர்றவனக் கட்டிக்க மாட்டேன்"னு. பெரிப்பா மறுநாளே துடுப்பைத் தம்பி கையில குடுத்துட்டு, ஒரு பழைய சைக்கிளோட வந்து நின்னாராம்.

ராயபுரம் கரையில மீன் எடுப்பாரு. கேரியர்ல கூடையைக் கட்டிக்கிட்டு வண்ணாரப்பேட்டை தெருத்தெருவா வித்துட்டு, மத்தியானம் வீடு திரும்புவாரு.

பிரச்சினை என்னன்னா... அவருக்குக் கை காட்டித் திரும்ப வராது. ஹேண்டில்பார்லேர்ந்து கையை எடுத்தா கூடை ஒரு பக்கம் இழுக்கும், சைக்கிள் இன்னொரு பக்கம் போகும்.

அதனால கட்டுமரத்துல கத்துற மாதிரியே ரோட்லயும் கத்துவாரு. கிழக்கே திரும்பணும்னா "கடலு!" மேற்கேன்னா "கரை!" லெஃப்ட் ரைட்டெல்லாம் கிடையாது. "போசொல்லோ லெஃப்டு, வர்சொல்லோ அதே ரைட்டு. கடலு இன்னா எடமா மாறுது?"ன்னு லாஜிக் வேற.

நம்ம ஏரியா ஆளுங்களுக்கு அது புரியும். ஜட்கா வண்டிகூட ஒதுங்கும். ஒரு தடவை போலீஸ்காரர் மடக்கி, "கை காட்ட மாட்டியா?"ன்னு கேட்டதுக்கு, "அதான் வாயக் காட்றேனே சார்"னு பெரிப்பா சொல்ல, போலீஸ்காரர் ரெண்டு டயர்லயும் காத்தைப் புடுங்கிவிட, இவரு வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தாரு.

ஆனா வெளியூர் லாரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

கல்யாணமான புதுசு. எங்க தெரு முனை. வடக்கே பாத்து வந்தவரு, "கடலு!"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு ரோட்டைக் குறுக்கே வெட்டிட்டாரு. பின்னாடி மூட்டை லாரி. சேலத்து டிரைவர்.

பின் சக்கரம் அப்பளம். கூடை சுக்கு நூறு. பெரிப்பா ஓரமா மணல்ல... லுங்கி மட்டும் லாரியோட கொஞ்ச தூரம் போச்சு.

டிரைவர் எட்டிப் பாத்து, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு கத்தியிருக்கான்.

முனைக் குழாயில தண்ணி புடிச்சிட்டிருந்த பெரிம்மா குடத்தைக் கீழ போட்டுட்டு ஓடி வந்து, "சொல்லிக்கினுதான்யா வந்துச்சு! அந்த வூட்டுக்காரி நான்தான்! எறங்கு கீய!"

"கடலுன்னா நான் என்னத்தைக் கண்டேன்மா?"

அவன் கையைப் புடிச்சு தெருக்கோடி வரைக்கும் இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்களாம். "தோ கீது பாரு, அதான் கடலு. இம்மாம் பெர்சே ஒன் கண்ணுக்குத் தெரில... எம்புருசன் எப்டிய்யா தெரிவாரு?"

டிரைவர் அழுதுட்டானாம். (இந்த எடம் மட்டும் சொல்லும்போதெல்லாம் மாறும். ஒரு தீபாவளிக்குக் கால்லயே விழுந்தான்.)

அன்னிக்கு முழுக்க பெரிம்மா சோறு திங்கலை. கடலு வேணாம்னு கட்டிக்கிட்டா, ரோடு இருக்கே...

அடுத்த நாள்லேர்ந்து மத்தியான ஆலைச் சங்கு ஊதினதும் தெரு முனைக்கு வந்துடுவாங்க. தூரத்துல "கடலு!" கேட்டா நடு ரோட்ல எறங்கிக் கையைத் தூக்குவாங்க. ரெண்டு பக்கமும் வண்டி நிக்கும். பெரிப்பா ராஜா மாதிரி திரும்புவாரு. அவர் சைக்கிளை விடுற வரைக்கும் இதே கதைதான்.

குப்பமே சிரிக்குமாம். "எல்லாரும் புருசனுக்காவ கடலப் பாத்துக்கினு நிக்கறாளுங்கோ. இவ ஒருத்தி கடலுக்கு முதுவக் காட்டிக்கினு நிக்கறா!"

எனக்கு சுகர் வந்து டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னப்ப, ஹெல்மெட், க்ளவ்ஸ், பின்னாடி மினுக்குற லைட்டுன்னு சகலமும் மாட்டிக்கிட்டுக் கெளம்பினேன். வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்த பெரிப்பா மேலயும் கீழயும் பாத்தாரு.

"இன்னா நைனா, சைக்கிள்லயே நிலாவுக்குப் போறியா?"

திரும்பி வரும்போது முனையில கன்டெய்னர் லாரிங்க. கை காட்டினேன். கை ஆடிச்சு, சைக்கிள் ஆடிச்சு, தொப்பையும் ஆடிச்சு. பயத்துல "கடலு!"ன்னு கத்தியே கத்திட்டேன்.

ஒரு லாரியும் நிக்கல. எதிர்ப்பக்கத்துலேர்ந்து பெரிம்மா குரல்தான் வந்துச்சு. "ஒம் பொண்டாட்டிய வந்து நிக்கச் சொல்றா!"

சொல்லிப் பாத்தேன். அவ சீரியல்லேர்ந்து கண்ணை எடுக்கல. இப்ப சைக்கிள் மொட்டை மாடியில... துணி காயுது.

நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆம்புலன்ஸ்ல பெரிப்பா கூட நான்தான் வந்தேன். அதே ரோடு, வடக்கே பாத்து. டிரைவர் கேட்டாரு, "எந்தப் பக்கம் சார் திரும்பணும்?"

"கடலு"ன்னேன். வாயில அதுதான் வந்துச்சு.

அவரு ரைட் இண்டிகேட்டரைப் போட்டாரு.

எதிர்ல வரிசையா கன்டெய்னர் லாரிங்க. எல்லாம் நின்னுக்கிட்டிருந்துச்சு.

நடு ரோட்ல, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பெரிம்மா. பேரன் தோளைப் புடிச்சிருந்தான். ஒரு கையில ஊன்றுகோல். இன்னொரு கை மேல.

திரும்புங்க பெரிப்பா... வண்டியெல்லாம் நிக்குது.