கரைக்காட்டாயி எனக்கு முன்னே கடல் தாண்டியிருந்தாள்

கண் விழித்தபோது மாலதி இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த அவளுடைய பையும் இல்லை. 1976ஆம் ஆண்டு தை மாதம். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் டைபாய்டு காய்ச்சலோடு படுத்திருந்தேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. தண்ணீருக்காக மாலதியைக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். கடைசியில் அந்தப் பக்கம் வந்த நர்ஸ் அம்மாதான் தண்ணீர் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உங்கட கூட்டாளி காலமையே வெளிக்கிட்டுட்டா, பிள்ளை. சொந்தக்காரர் வருவினம், அவை பாத்துக்கொள்ளுவினம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

எனக்கு இலங்கையில் சொந்தக்காரர் என்று ஒரு ஈ காக்காய் கூடக் கிடையாது.

அம்மனை நம்பி வாழும் உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. கோபம் தணிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். தணிகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே சொல்லிவிடுகிறேன். அம்மன் செய்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

எனக்கு ஊர் ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்களுடையது விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் பெண் நான். சேலத்தில் தாவரவியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் பேராசிரியை முயற்சி எடுத்து, கொஞ்ச நாள் படிப்புச் சுற்றுலாவாக எங்களை இலங்கைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். கண்டிக்குப் பக்கத்தில் பெரிய தாவரத் தோட்டம் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களையும் பார்க்கலாம். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் தலைமன்னார். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

மாலதி என் வகுப்புத் தோழி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. ஹாஸ்டல் சோறு பிடிக்காத நாளெல்லாம் அவளுடைய டிபன் பாக்ஸில்தான் சாப்பிட்டேன். அவள் பெயரைச் சொல்லித்தான் வீட்டில் அனுமதி கேட்டேன். அப்பா அசையவில்லை.

"கரைக்காட்டாயி எல்லைச்சாமி, அம்மிணி. எல்லைக்குள்ள இருக்கற வரைக்கும் அவ பாத்துக்குவா. கடலெத் தாண்டிப் போனா நாம யாருகிட்டப் போயி நிக்கறது சாமி?"

கரைக்காட்டாயி எங்கள் குலதெய்வம். ஏரிக்கரையில் இருக்கிறாள். அவள் கையில் சூலம் இருக்காது, மம்பட்டி இருக்கும். ஒரு காலத்தில் ஏரி உடைத்துக்கொண்டபோது தானே மண் வெட்டிக் கரையை அடைத்தாள் என்று சொல்வார்கள். மம்பட்டி பிடித்த அம்மனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கடைசியில் பூக்கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் பூக்கேட்காமல் காலெடுத்து வைக்க மாட்டார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் அப்புறம் பேச்சே கிடையாது. எங்கள் குடும்ப வழக்கப்படி அம்மாதான் பூவை மடித்தார். பிரித்துப் பார்த்தபோது வெள்ளை. அப்பா அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

அன்றைக்கு மாலதியும் கோயிலுக்கு வந்திருந்தாள். யாரும் கேட்காமலே, எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைத்து அணைத்து என் அம்மாவிடம் சொன்னாள்: "ருக்மணிய விட்டுட்டு நான் மட்டும் வர மாட்டேங்கம்மா. சத்தியம்." அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்.

பயணத்தின் முதல் சில நாட்கள் சந்தோஷமாகத்தான் போயின. ஆர்க்கிட் பூக்களைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றதை மாலதி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. திரும்ப வேண்டிய நாளும் நெருங்கியது. பேராசிரியை பாவம், என்ன செய்வார்? மற்றப் பெண்களையெல்லாம் கப்பல் ஏற்றி ஊர் சேர்க்க வேண்டும். அப்போது மாலதிதான் முன்னால் வந்து, "நான் இருக்கேன் மேடம். இவளுக்குச் சரியானதும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். பேராசிரியை என் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அவள் கையில் கொடுத்தார். அவள் என் நெற்றியைத் தடவிக் கொடுத்ததுதான் நான் கடைசியாகக் கண்டது.

நர்ஸ் அம்மாவிடம் என் பையைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். துணி இருந்தது. பேப்பருக்குள் வைத்து அழுத்திய இலைகள் இருந்தன. பாஸ்போர்ட் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே கையில் காகிதம் இல்லாத தமிழாளைக் கள்ளத்தோணி என்பார்கள். திருட்டுத்தனமாகத் தோணியில் வந்தவர் என்று அர்த்தம். பிடித்தால் ஜெயில்தான். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போனால் நானும் கள்ளத்தோணி. உள்ளேயே எத்தனை நாள் இருக்க முடியும்? அப்பா அம்மா முகத்தை இனிப் பார்ப்பேனா?

உண்மையைச் சொன்னால், அப்போது மாலதி மீது கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அம்மன் மீதுதான் வந்தது. மாலதி மனுஷி. அம்மனுக்கு என்ன வந்தது? நான் செய்தது பிரார்த்தனை இல்லை, சண்டை. வார்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் வாய்விட்டு அழுதேன்.

"கரைக்காட்டாயி! வெள்ளப் பூவெக் குடுத்து அனுப்பிப்போட்டு இப்பிடிக் கை உட்டுட்டியே! வர முடியாதுன்னா அன்னிக்கே செவப்பக் குடுத்திருக்கலாமல்ல? எல்லையோட நீ நின்னுக்கிட்டயா?"

எதிர்க் கட்டிலில் தன் மருமகளுக்குத் துணையாக இருந்த ஓர் அம்மா எழுந்து என்னிடம் வந்தார். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். பெயர் முத்தம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏம்மா புள்ள, எந்தக் கரைக்காட்டாயியக் கூப்புடுற?"

"எங்கூருச் சாமிங்க. சேலத்துப் பக்கம். உங்களுக்குத் தெரியாதுங்க."

"கையில மம்பட்டி வச்சிருப்பாளே, அவளா?"

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

"எங்க தோட்டத்துலயும் அவதாம்மா இருக்கா. எங்க பாட்டனுக்குப் பாட்டன் அங்கயிருந்து கங்காணி பின்னால நடந்து வந்தப்ப, அவ கோயில் மண்ண ஒரு பிடி சீலத்துணியில முடிஞ்சு கொண்டாந்தாராம். அந்தப் பிடிமண்ண வச்சுக் கட்டுன கோயிலு. நீ அவ ஊருப் புள்ளையா? அப்ப எங்க புள்ளதான்."

நான் கப்பல் ஏறத் தெரியாமல் தடுமாறிய அந்தக் கடலை, அவள் நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஒரு கூலியாளின் மடியில் உட்கார்ந்து தாண்டியிருக்கிறாள்.

அன்றிலிருந்து மருமகளுக்கு வந்த கஞ்சியில் எனக்கும் பங்கு வந்தது. காய்ச்சல் விட்டதும் முத்தம்மா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் அவர்களுடையது ஒற்றை அறை. அந்த அறையில் எனக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சரிவில், ஒரு மரத்தடியில் கரைக்காட்டாயி இருந்தாள். சின்னக் கல். பக்கத்தில் உண்மையான மம்பட்டி ஒன்று சாத்தி வைத்திருந்தது. அந்த இடத்தில் விழுந்து எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அம்மன் அனுப்பிய ஆள் சரியான ஆள். அப்போது இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முத்தம்மா குடும்பமும் அதற்காகக் கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்கு வருடக்கணக்கில் நடையாக நடந்திருந்தது. எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க சாதிசனமுங்க. ஒரே சாமி கும்பிடுறவுக."

அந்த அதிகாரி நல்ல மனிதர். காலேஜுக்குத் தந்தி அடித்து விசாரித்து, ஊர் திரும்ப மட்டும் செல்லும்படி ஒரு காகிதம் கொடுத்தார். முத்தம்மா குடும்பத்துக்குக் கப்பல் நாள் குறித்திருந்தது. அவர்களோடு நானும் ஏறினேன். புறப்படும் முன் முத்தம்மா தோட்டத்துக் கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். "வந்த எடத்துக்கே கொண்டுபோயி விட்டுருவோம்" என்றார்.

காலேஜில் மாலதி என்னைக் கண்டதும் முகம் வெளுத்தாள். அன்று காலை கண்டி ஸ்டேஷனுக்கு ஓடி, ரயில் ஏற இருந்த பேராசிரியையிடம், என் உறவினர்கள் வந்துவிட்டார்கள், பாஸ்போர்ட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் அது தன் பையில் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று கப்பலிலிருந்து கடலில் போட்டுவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீ செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன், ருக்கு. யாருமில்லாத ஊர்ல ஒரு பொணத்தை வெச்சிக்கிட்டு நான் மட்டும்... பயமா இருந்துச்சு."

பயந்தது புரிகிறது. என் பாஸ்போர்ட்டைக் கடலில் எறிந்த கை எப்படி வந்தது என்பதுதான் இன்றுவரை புரியவில்லை. நீ அவளை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. தினமும் அம்மனிடம் அதையும் கேட்கிறேன். மாலதி சொன்ன பொய்யை அம்மன் மெய்யாக்கினாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உறவினர்கள் வருவார்கள் என்றாள். வந்தார்கள்.

அந்தப் பங்குனியில் நேர்த்தி செலுத்த, கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த முகாமில் இருந்த முத்தம்மாவை ஊருக்கு அழைத்தேன். முந்தானையில் முடிந்த மண்ணோடு அவர் வந்தார். கோயில் வாசலில் எங்கள் பங்காளிகளில் பெரியவர் ஒருவர், முத்தம்மா யார், எந்த வகையறா என்று விசாரித்தார். விசாரித்துவிட்டு, தூரத்தில் ஒரு வேப்பமரத்தைக் கை காட்டி, "அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு அம்மிணி" என்றார். லயத்தில் ஒற்றை அறையில் எனக்கு மூலை கொடுத்தவருக்கு, எங்கள் அம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. மாலதி செய்ததை விட இது எனக்கு அதிகமாக வலித்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முத்தம்மா வேப்பமரத்தடிக்குப் போனார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். பூசாரி கூப்பிட்டும் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா எங்களிடம் வந்தார். முத்தம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் சாமி. நீ போகோணும்னு எவ்வளவு ஆசப்பட்டயின்னு எனக்குத்தான் தெரியும். அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளப் பூவத்தான் வெச்சு மடிச்சேன். அவ உத்தரவு குடுக்கவே இல்ல. நாந்தான் அவளெ ஏமாத்திப்போட்டேன். நீ வராத நாளெல்லாம் என்னாலதான் போச்சுன்னு செத்துச் செத்துப் பொழச்சேன்."

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, வாக்குக் கொடுத்துவிட்டுக் கை விட்டாயே என்று யாரைத் திட்டினேனோ, அவள் எனக்கு வாக்கே கொடுத்திருக்கவில்லை.

முத்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த மண்ணை என் கையில் கொடுத்தார். நான் அதைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கே திரும்பி வந்தேன். அன்று முதல் அங்கிருந்துதான் கும்பிடுகிறேன். இப்போது யாரும் யாரையும் எங்கேயும் போய் நிற்கச் சொல்வதில்லை. ஆனாலும் என் இடம் அதுதான்.

பிறகு நான் ஆசிரியை ஆனேன். எத்தனையோ முறை மாணவிகளை வெளியூர் கூட்டிப்போயிருக்கிறேன். எல்லோரும் ஏறிய பிறகுதான் வண்டியில் ஏறுவேன். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்களைத் துணை ஆசிரியையோடு அனுப்பிவிட்டு நான் தங்கிவிடுவேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இதைப் படிக்கும் உங்களையும் யாராவது ஏமாற்றியிருக்கலாம். ஏமாந்ததை மறக்கச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவில்லை, என்னாலேயே முடியவில்லை. அம்மனிடம் போய்ச் சண்டை போடுங்கள். அழகாகப் பேச வேண்டியதில்லை. நீங்கள் எங்கே விழுந்து கிடந்தாலும் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள் என்னை விட்டுப் போனாள். ஒரு வார்த்தையும் கொடுக்காதவள் வந்து நின்றாள்.