சும்மா கிடந்த ஒரு கிலோ

ஒச்சம்மாளின் விரல்கள் பச்சைக் காயை வலப்பக்கமும் வெளுத்த காயை இடப்பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்கள் மட்டும் வாசலில் நிற்கும். போடியில் சுருளிவேல் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில் இருபது வருஷமாகக் காய் பொறுக்குகிறவளுக்குச் சொளகைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அந்த நேரத்தில் தெருவைத் தரம் பிரிப்பாள். புதுப் பெயிண்ட் அடித்த ஜீப்பு முதல் தரம். வட்டிக்கடைக்காரர் மேலே பச்சை, உள்ளே சொத்தை. பவுடர் அப்பிய புது மாப்பிள்ளை போனால், "வெளுத்த காய்டி, பாதி வெலைக்குத்தேன் போகும்."

தன் நிறத்துக்கும் அவளிடம் விளக்கம் உண்டு. "வெயிலு பட்டா காய் வெளுக்கும், நாம கறுப்போம். ரெண்டுலயும் நட்டம் நமக்குத்தேன்." முதலாளியைப் பற்றிக் கேட்டால், அவர் வெயில் படாத சரக்கு என்பாள்.

சுருளிவேலும் லேசுப்பட்டவர் அல்ல. யார் காயை உரித்து நீட்டினாலும், பேச்சை நிறுத்தாமலே உள்ளிருக்கும் ஏல அரிசியை வாயில் போட்டு மென்று தரம் சொல்லிவிடுவார். ஒரு கல்யாண வீட்டில் பாயசத்திலிருந்த ஏலக்காயை மென்று, "போன வருசத்துச் சரக்கு" என்று மணமேடை வரை கேட்கச் சொன்னவர்.

எண்பத்து மூன்று தை மாதத்தில் பொறுக்குகிற நாற்பது பெண்களும் கூலி ஏற்றிக் கேட்டார்கள். அப்போது கூலி கிலோவுக்கு நாற்பது பைசா. முதலாளி ஐந்து பைசா ஏற்றினார். உழைக்க உழைக்கத்தான் மனுஷர் உயர முடியும் என்று அறிவுரை ஒன்றையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார். ஒச்சம்மாள் மூலையில் கருப்புத் தாள் சுற்றிக் கிடந்த ஏலக்காய் மூட்டையைக் காட்டினாள்.

"அது என்ன சோலி பாத்துச்சு, முதலாளி? ரெண்டு வருசமாச் சாஞ்சே கெடக்கு. வெல மட்டும் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குது."

அங்கேயே பந்தயம் கட்டினாள். ஒரு மாதக் கூலிக்குப் பதிலாக நூறு ரூபாய்க்கு ஒரு கிலோ பச்சைக் காய் வாங்கிக்கொள்வாள். டின்னில் போட்டு மூடி வைப்பாள். ஆயுதபூஜைக்குள் அது இருநூறு ரூபாய்க்குத் தேறினால் நாற்பது பேர் கூலியும் இரட்டிக்க வேண்டும். தேறாவிட்டால் டின் முதலாளிக்கு. அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்த மாதச் சோற்றுக்கு ஒச்சம்மாள் தன் கன்னங்கரிய வெள்ளாட்டை விற்றாள்.

மாசி போயிற்று, வைகாசியும் போயிற்று, மலையில் மழையைக் காணோம். செடிகள் கருகின. எஸ்டேட்டில் வேலை இல்லையென்று ஆட்கள் கீழே இறங்கினார்கள். கிட்டங்கியிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் பொறுக்கு. எல்லாமே சுருங்கிப்போன அந்த வருஷத்தில் கொழுத்தது ஒன்றே ஒன்று: ஏற்கெனவே மூட்டையில் தூங்கிக்கொண்டிருந்த காய். நூறு நூற்றைம்பதாயிற்று, புரட்டாசியில் இருநூற்றைம்பது.

ஒச்சம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராசிங்காபுரத்தில் அவள் வீட்டுக்கு ஊரே வந்தது. கிட்டங்கிப் பெண்கள் பஸ்சு ஏறி வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டின்னை வாசலுக்குத் தூக்கி வந்து திறந்து காட்டினாள். "பாரு ஆத்தா, நான் தூங்குனாலும் இது எனக்குச் சம்பாதிக்குது." வெளிச்சம் பட்டால் காய் வெளுக்கும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் இருக்கிற ஒரே சொத்தை எட்டிப் பார்க்காமல் எப்படி இருப்பது? முதலாளியின் மூட்டையை முதலாளியே மறந்திருந்தார். அது பச்சை மாறாமல் இருந்தது.

ஆயுதபூஜையன்று, சந்தனம் குங்குமம் வைத்த தராசின் முன்னால் டின் திறந்தது. முதலாளி எட்டிப் பார்த்து மலர்ந்தார். காய் நிறைய வெளுத்திருந்தது. பச்சைக்கு இருநூற்றைம்பது, வெளுத்ததுக்கு நூற்றைம்பது. ஒரு தட்டில் பச்சை, மறு தட்டில் வெளுத்தது; பாதிக்குப் பாதி நின்றால் சரியாக இருநூறு. வெளுத்த தட்டு துளி இறங்கினாலும் டின் தனக்கு என்றார். பிரிப்பது யார்?

"அவளே பிரிக்கட்டும். அவ வெரலு பொய் சொல்லாது" என்றார் முதலாளியே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறுக்குக் கூட்டாளி ராக்கு முழங்கையால் இடித்தாள். "மங்கலா இருக்குறதப் பூராம் பச்சையில தள்ளுடி." ஒச்சம்மாளுக்கும் ஆசைதான். விரல்கள் கேட்கவில்லை. காய் யாருடையது என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெளுத்ததை வெளுத்ததோடு தள்ளிக்கொண்டே போயின.

தட்டுகள் ஏறி இறங்கி, ஆடி அடங்கி, முள் நட்டநடுவில் நின்றது. சொளகில் ஒரே ஒரு காய் மிச்சம். நாற்பது பேரும் கழுத்தை நீட்டினார்கள். ஒச்சம்மாள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளுப்பு.

"வை ஆத்தா, வெரசா வை. பூசைக்கு நேரமாச்சு" என்று முதலாளி வெளுத்த தட்டைக் காட்டினார்.

"வைக்கிறேன் முதலாளி. தோலுதேன் வெளுப்பு. உள்ள கருகருன்னு இருக்குறதப் பாத்துக்கிருங்க" என்று நகத்தால் உரித்து, அரிசியை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் கை தானாக வாங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"காரம் கொறையல" என்று மென்றபடியே தரம் சொன்னவர், பாதி மெல்லலில் அப்படியே நின்றார்.

ஒச்சம்மாள் தொலியை முந்தானையில் முடிந்துகொண்டு, பச்சைக் கறை ஏறிய ஒற்றை விரலை, இன்னும் நடுவிலேயே நின்ற தராசு முள்ளை நோக்கி நீட்டினாள்.