அப்பாவோடு ஹவுஸ்போட்டில் ஒரு வீக்கெண்ட்

நேற்றுக் காலை ஹாக்ஸ்பரி ஆற்றில் எங்கள் ஹவுஸ்போட்டை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள்.

நடு ஆற்றில்! சுற்றிவர ஒரு வீடு இல்லை, இன்னொரு போட் இல்லை. பனிமூட்டத்தில் நீட்டிய கைகூடத் தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். (இன்று சிக் லீவ் போட்டதும் இதனால்தான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, தன் சாம்பலை யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கடலில்தான் கரைக்கவேண்டும் என்று கேட்டார். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஊரில் சண்டை பெருத்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டு. அப்பா இங்கே வெளிநாட்டில், கிரவீனில் எங்கள் வீட்டுக் கராஜில், பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் இருந்தார்.

அஸ்தியை வீட்டில் வைத்திருந்தால் ஒன்றும் உருப்படாது என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். என் மனைவி சுபாவுக்கு வேலை போனதற்கும் அதுதான் காரணமாம், என் கார் இடிபட்டதற்கும் அதுதான் காரணமாம். (கார் இடிபட்டதற்குக் காரணம் நான். போன் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.)

ஐயரிடம் போனில் கேட்டேன். ஓடுகிற தண்ணீர் எதுவென்றாலும் பரவாயில்லை, விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள் என்றார். சுபாவும் சரி என்றாள். அம்மா பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

செத்துக்கொண்டிருந்த மனிதனுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கரையில் நின்று கொட்டாமல், மரியாதையாக ஒரு ஹவுஸ்போட் எடுத்தேன். அம்மாவுக்கும் ஒரு மாற்றமாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போட்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். இருட்டுமுன் எங்கேயாவது கட்டிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆற்றில் ஆங்காங்கே மிதவைகள் இருக்கும். ஒன்றின் கயிற்றைக் கொக்கியால் தூக்கிப் போட்டில் மாட்டினால் அதுதான் மூரிங். கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஒரு தாளும் தந்தார். யெஸ் யெஸ் என்று வாங்கி எஸ்கி ஐஸ்பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

முதல் குடாவில் இடமில்லை. இரண்டாவதிலும் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது குடாவில் ஒரே ஒரு மிதவை, பாசி பிடித்து, பல காலம் யாரும் தொடாதது மாதிரி. சுபா முன்னால் கொக்கியோடு நிற்க, நான் பின்னால் ஸ்டியரிங்கோடு நிற்க, கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் போடாத சண்டையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் போட்டோம்!

கட்டி முடித்ததும் அப்பாவின் சாம்பல் இருந்த பானையை எடுத்தேன். பென்டில் ஹில்லில் வாங்கிய பொங்கல் பானை. சாம்பல் காற்றில் பறந்து சமையலறைக்குள் வந்துவிடும் என்ற பயத்தில் வாயை வெள்ளைத் துணியால் இறுக்கி, மெழுகும் ஊற்றியிருந்தேன். வாழையிலை, பூமாலை, பானை. மூன்றையும் ஆற்றில் விட்டேன்.

பானை தாழவில்லை. (இறுக்கி மூடிய பானை மிதக்கும் என்பது ஒரு இன்ஜினியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.) மெல்ல ஆடி ஆடி வளைவைத் தாண்டிப் போனது.

திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார் ஐயர். எங்கே வருவது? எங்களைத்தான் மூரிங்கில் கட்டியிருக்கிறதே. உள்ளே போய்க் கர்ட்டினை மூடிவிட்டுச் சோறு சாப்பிட்டோம்.

காலையில் எழுந்து பார்த்தபோது முந்திய மாலை பாறை தெரிந்த ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. ஒரு கணம் கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறவில்லை. போட் முழுவதுமாக மற்றப் பக்கம் திரும்பி நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக். கொஞ்ச இடைவெளி. டொக், டொக்.

சுபா என் பெனியனைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அம்மாவின் அறைப் பக்கமிருந்து வந்தது. பக்கத்து நடைபாதையால் போய் எட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே பானை. துணி அவிழவில்லை. சின்ன அலைக்கு ஒருதரம் போட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

வாக்கு மீறினேன், அப்பா போகமாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குனிந்து பானையைத் தூக்கும்போது சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன்.

மதியம் போட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒரு பொருள் மிதந்து போய்த் திரும்பி வந்தது என்று மட்டும் கிழவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கடல் இறங்கும்போது ஆறு கீழே ஓடும், ஏறும்போது மேலே ஓடும், போட்டும் அதோடு சேர்ந்து திரும்பும், தாளில் எல்லாம் இருக்கிறதே, வாசிக்கவில்லையா என்று கேட்டார்.

அப்பாடா என்றிருந்தது. காரில் அம்மாவுக்கு முழு சயன்ஸையும் விளக்கினேன். பானை அவர் மடியில் இருந்தது.

"விளங்குது தம்பி," என்றார். பிறகு, "ஆனா மாலை வரேல்லையே. வாழையிலையும் வரேல்லை."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"நான் விடிய விடிய ஜன்னலைத் திறந்து வச்சு இவரைக் கூப்பிட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்."

ஏனம்மா என்று கேட்டேன்.

"இவரை அனுப்பட்டோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

பென்னன்ட் ஹில்ஸில் ஒரு வளைவு வந்தபோது அம்மா பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பானை இப்போது அம்மாவின் அறையில். நேற்று இரவு அங்கே பேச்சுச் சத்தம் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

கீரிமலைக்குப் பாதை எப்போது திறக்கும்? யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். இந்தமுறை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.