எண்ணெய்த் தலையும் ஹாட் டப் தண்ணீரும்

இன்று கிள்ளானில் ஒரு கடைக் கவுண்டரில் என் மகள் மலர் திருதிருவென்று முழித்தாள்!

வீட்டுப் பின்பக்கம் புதிதாக ஹாட் டப் வாங்கி வைத்திருக்கிறாள். (நம் ஊர் வெயிலுக்குச் சுடுதண்ணீர்த் தொட்டி! மருமகனுக்கு முதுகுவலியாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.)

கடைக்காரத் தம்பி கேட்டான்: "அக்கா, தண்ணி சுத்தத்துக்கு குளோரினா, புரோமினா?"

மலர் போனைத் தடவ ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "டப்பு கூரைக்கு அடியிலதான் இருக்கு தம்பி, வெயில் படாது. புரோமின் குடுங்க. சுடுதண்ணியில குளோரின் ரொம்ப நேரம் நிக்காது."

"ஆன்டி, இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"ஸ்கூல்ல மூணாங்கிளாஸோட சரி லா. இது பிரிக்பீல்ட்ஸ்ல படிச்சது!"

எண்பத்தொன்பதாம் வருடம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டர் வீட்டில் வேலை. கிள்ளானிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போவேன்.

டாக்டர் வெளிநாட்டில் படித்தவர். அங்கே பார்த்த ஆசையில் வீட்டில் ஒரு ஹாட் டப் வைத்தார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது!

அதைப் பொருத்திக் கொடுத்தவர் போர்ட் கிள்ளான் மணியம் அண்ணன். அவர்தான் எனக்கு வாத்தியார்.

"முதல்ல தண்ணிய நிரப்பு தங்கச்சி. பம்ப ஓட விடு. அப்புறம் இந்தச் சோதனைக் காகிதப் பட்டைய முக்கி கலரப் பாரு. தண்ணி சரியா இருந்தாத்தான் மருந்து. மருந்து போட்டதும் மூடிடாத, கொஞ்ச நேரம் காத்தாட விடு."

இங்கிலீஷ் எழுத்துத் தெரிய வேண்டாம். பட்டையில் ஏறும் நிறம், டப்பாவில் போட்டிருக்கும் நிறத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்தால் போதும்.

அவரும் அன்றைக்குப் புரோமின் என்றுதான் சொன்னார். டாக்டரின் மனைவி, டாக்டரம்மா, விடவில்லை.

"எனக்குக் குளோரின்தான் வேணும். அந்த மணம் இருந்தால்தான் சுத்தம்."

"மணம் தூக்கலா அடிச்சா தண்ணியில அழுக்கு சேர்ந்திருக்குன்னு அர்த்தம்மா."

"எனக்குத் தெரியும் மணியம்."

(எல்லாமே அவருக்குத் தெரியும்!)

குளோரின் என்றால் தினமும் பார்க்க வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. காலையில் மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் வந்து மோதும். சமையலறை ரேடியோவில் பாட்டு, ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம், என் கையில் அந்தப் பட்டை. அந்த வீட்டில் என்னை நம்பிக் கொடுத்த ஒரே காரியம் அது. ஆறு மாதம் அந்தத் தண்ணீரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். விரலைத் தவிர வேறெதையும் அதில் நனைத்தது கிடையாது.

பிறகு தீபாவளி வந்தது.

விடிகாலையில் எல்லோர் தலையிலும் நல்லெண்ணெய். டாக்டர், டாக்டரம்மா, டாக்டரம்மாவின் தம்பி, ஏழு வயதுப் பாப்பா. வழக்கமாகக் குளியலறைக்குப் போகிறவர்கள்.

தம்பிதான் ஆரம்பித்து வைத்தார். "ஏன் அக்கா தண்ணி காய்ச்சோணும்? வெளியில சுடுதண்ணி ரெடியாத்தானே கிடக்கு!"

முறுக்குச் சட்டியை விட்டு ஓடி வந்தேன். "அம்மா, எண்ணெயோட இறங்கினா தண்ணி கெட்டுப்போயிரும்மா."

"கங்கா ஸ்நானம் எண்டால் சுடுதண்ணிதானே? நீ போய் முறுக்கைப் பார்."

நாலு பேரும் இறங்கினார்கள். சீயக்காயோடு!

நான் முறுக்கைப் பார்த்தேன்.

மதியம் வீடு நிறைய விருந்தாளிகள். டாக்டரம்மா பெருமையாக எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப் போய் மூடியைத் திறந்தார்.

உள்ளே பழுப்பு நிறத்தில் நுரை! சோறு பொங்கி வழிகிற மாதிரி! ஓரமெல்லாம் பிசுபிசுவென்று எண்ணெய் வளையம்.

அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். "என்ன தூளைப் போட்டனீ? படிக்காதவளிட்ட பொறுப்புக் குடுத்தது என்ரை பிழை."

டாக்டர் கூரையைப் பார்த்தார். தம்பி வாயில் லட்டு.

பாப்பா மட்டும் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அக்கா, எங்கட தலையிலதானே எண்ணெய் இருந்தது?" என்று காதில் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அது உறுத்துகிறது.

மறுநாள் மணியம் அண்ணன் வந்தார். விரலால் ஓரத்தை வழித்தார், முகர்ந்தார். "மருந்துல தப்பே இல்லம்மா. இது நல்லெண்ணெய். தலைக்கு வெச்சுக்கிட்டு யாரு இறங்கினது?"

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "சரி சரி, தண்ணியை மாத்துங்கோ."

அவ்வளவுதான்! தப்புப் பட்டம் கூட்டத்தில், விடுதலை ஆளில்லாத இடத்தில்.

தண்ணீரை வெளியேற்றினேன். தொட்டியைத் துடைத்தேன், பில்டரை அலசினேன், புதுத் தண்ணீர் நிரப்பினேன், பட்டையில் நிறம் சரியாக ஏறும்வரை நின்றேன். பிறகு பின்கதவுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்தத் தெருப் பக்கம் அப்புறம் போகவே இல்லை. ஆனால் அந்த ஆவியின் சூடு இன்னும் முகத்தில் இருக்கிறது.

இன்று மலர் வீட்டில் நானே எல்லாம் செய்தேன். தண்ணீர், பம்ப், பட்டை, பிறகு மருந்து. நிறம் அச்சு அசலாக வந்தது!

"அம்மா, நீங்கதான் முதல்ல இறங்கணும்," என்றாள் மலர்.

இதை எழுதும்போது என் இரண்டு காலும் முழங்கால்வரை சுடுதண்ணீரில்! (தலையில் எண்ணெய் இல்லை. காலையிலேயே அலசிவிட்டேன்.)

பாப்பா, நீ இங்கே என் நட்பு வட்டத்தில் இருக்கிறாய், நான் போடுகிற எல்லாவற்றுக்கும் லைக் போடுகிறாய். உன் அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது என்று சொன்னாய்.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது படி.

எண்ணெய் வருகிற இடத்தைக் கொஞ்சம் சத்தமாக!