கெதியாகத் திருத்தியவன்

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு விநோதப் பழக்கம். ஏதாவது பழுதானால் முதலில் கோப்பி ஊற்றுவார்கள். போன கிழமை தரவுத்தளத்தின் லொக் நிரம்பி, ஒரு வரிகூடப் பதிய முடியாமல் எல்லாம் நின்றுபோனது. என் மேலாளர் கெவின் கோப்பையோடு வந்து, "நோ வொரீஸ்" என்று பல்லைக் காட்டினார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு புத்திசாலி, பிரதி எடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு விடுமுறைக்குப் போயிருந்தான். அது யார் என்று கேட்பதுகூட இங்கே மரியாதைக் குறைவு.

லொக் ஒன்றும் மந்திர தந்திரம் அல்ல. தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிக்கொண்டே போகும் கோப்பு அது. அவ்வப்போது அதைப் பிரதி எடுத்தால், பழையதன் இடத்தைப் புதியதற்குக் கொடுக்கும். எடுக்காவிட்டால் வட்டு நிரம்பும்வரை ஊதிக்கொண்டே போகும். இவ்வளவுதான் சங்கதி. இது விளங்காத ஒரு பெரிய மனிதரின் கீழ் யுத்த காலத்தில் கொழும்பில் வேலை செய்தேன். பெயர் சிவநேசன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தவர்களைக் கண்டால், தொற்றுநோய்க்காரரைக் கண்டதுபோல் ஓரடி தள்ளி நிற்பார்.

ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் கம்பனி. மாலையில் லொக்கின் பிரதியை டேப்பில் எடுத்து, வெள்ளவத்தையில் இருந்த என் அறைக்குப் போகும் வழியில், ஹெவ்லொக் டவுன் கிளையில் கொடுத்துவிட்டுப் போவேன். நகரத்தில் குண்டு வெடித்த ஒரு கிழமையில் சிவநேசன் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு இருக்கு. டேப்போட செக்பொயின்ட்ல பிடிபட்டா எனக்கும் கரைச்சல். இனிக் கொண்டுபோக வேணாம்."

"அப்ப வேற ஆரிட்டயும் குடுத்து விடுங்கோ சேர்."

"ஏன் வீண் வேலை? டேப் இருந்தாத்தானே பிரச்சினை. எடுக்கவே வேணாம்."

"எடுக்காட்டி லொக் நிரம்பும் சேர்."

"நிரம்பினா அழிச்சு விடலாம்தானே?"

பட்டம் பெற்ற மனிதர். தலைக்குள் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சோதனைச் சாவடிக்காரன்கூட என் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சந்தேகப்பட்டான்.

சொன்னபடியே லொக் நிரம்பியது. கொள்கலன் ஒன்றையும் வெளியே விட முடியவில்லை. வாசலில் லொறிகள் ஹோர்ன் அடித்தன. பணிப்பாளர் ஓடிவந்து சிங்களத்தில் கத்தினார். கோப்பை அழிக்கச் சொல்லி சிவநேசன் என் முதுகுக்குப் பின்னால் நின்று நச்சரித்தார். அழித்திருந்தால் தரவுத்தளமே திறந்திருக்காது. நான் அவரைக் கணக்கில் எடுக்காமல், வேறொரு வட்டில் லொக்கைப் பிரதி எடுத்தேன். சற்று நேரத்தில் லொறிகள் நகர்ந்தன.

நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த மனிதர் பணிப்பாளரிடம் சொன்னதையும் எதிர்பார்க்கவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது: "இவ்வளவு கெதியாகத் திருத்தியவனுக்குப் பழுதாக்கவும் தெரிந்திருக்கும்." டேப்பை நிறுத்தியது யார் என்று அவர் வாய் திறக்கவில்லை. யாழ்ப்பாணப் பெடியன் ஒருவனை உள்ளே தள்ள அந்த நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பணிப்பாளர் அதைச் செய்தார். அன்று பின்னேரமே பொலிஸ் வந்து, எல்லோரும் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனது. சிவநேசன் தன் கணினித் திரையை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. பொலிஸ் என்னை விட்ட பிறகு அந்த நாட்டில் இருக்க மனம் வரவில்லை. அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

போன கிழமையும் அதே வேலைதான். வேறொரு வட்டில் பிரதி எடுத்தேன், லொக் இடம் விட்டது, எல்லாம் ஓடத் தொடங்கியது. கெவினின் கோப்பிகூட ஆறவில்லை. அவர் என் தோளில் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இவ்வளவு கெதியாகத் திருத்திவிட்டாயே!" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாய் தாங்கியூ என்றது. கண் கதவைப் பார்த்தது, யார் வருகிறார்கள் என்று.