பையில் இடம்தராத பலகாரம்

நெடுந்தீவில் ஒரு கலியாணத்தைப் படமெடுத்துவிட்டு, கடைசிப் படகைப் பிடிக்கிற அவசரத்தில் லென்ஸ்களைப் பைக்குள் அடுக்கினேன். புறப்படும்போது மணப்பெண்ணின் தாய் பலகாரப் பொதியொன்றைத் தந்தார். லென்ஸில் எண்ணெய் பட்டுவிடும் என்று அதைப் பைக்குள் வைக்கவில்லை. இறங்கும்போது படகின் இருக்கையிலேயே வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

வீடு வந்ததும் பலகாரம் தந்த அந்த அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, பலகாரம் சாப்பிட்டனீரே?"

"ஓம் அக்கா, நல்ல ருசி."

"உம்மட சின்ன லென்ஸை எங்கட வீட்டுக் கதிரையில விட்டிட்டீர். பொதிக்குள்ள வச்சனான், சொல்ல மறந்துபோனன். கண்டனீர்தானே?"

பையைத் திறந்தேன். லென்ஸ் வைக்கும் ஓர் அறை வெறுமையாக இருந்தது.

"கண்டனான் அக்கா" என்றேன்.

மறுநாள் இறங்குதுறைக்குப் போனபோது படகுக்காரர் பொதியைப் பிரிக்காமலே தந்தார். எண்ணெய் படாமல் லென்ஸைத் துணியில் சுற்றி, தனிப் பையில் வைத்திருந்தார் அக்கா. என் பொய்யை உண்மையாக்கப் பலகாரம் முழுவதையும் தின்றேன். அது இன்னும் பொய்யாகத்தான் இருக்கிறது.